மச்சான் தமிழில் சொன்ன படம்

நேற்றுப் பின்னேரம் என் மகள் டீவியில் ஒரு கிறிஸ்மஸ் படம் போட்டாள். குடும்பமே கூடிச் சிரிக்கும் காதல் கதை. பக்கத்தில் என் ராத்தாவும் இருந்தார்; என்னைவிட எட்டு வயது மூத்த சகோதரி. எனக்குக் கல்முனையில் லில்லி டீச்சர் வீட்டில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயதிருக்கும். நத்தார்ப் பண்டிகைக்கு டீச்சர் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, அடுத்த வீட்டுக்காரர்களான எங்களையும் கூப்பிட்டிருந்தார். அறை முழுக்க கேக்கின் கறுவா வாசம். படம் இங்கிலீசு. கொழும்பில் படித்த ஹனீபா மச்சான், எங்கள் மாமாவின் மகன், தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பனியில் நின்ற கதாநாயகன் இரண்டு சொல்தான் பேசினான். மச்சான் நீட்டிச் சொன்னார்: "உன்னைக் கேட்டு உங்கட வாப்பாக்கிட்ட வரட்டா எண்டு கேக்கான்."

உம்மாவும் சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. "அதுக்கு அவ என்ன சொல்றா?"

"அவ இன்னும் ஒண்டும் சொல்லல்ல. இவன் பாத்துக்கிட்டு நிக்கான்" என்றார் மச்சான், திரையைப் பார்க்காமல் ராத்தாவைப் பார்த்து.

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டார். அதன்பின் மச்சான் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. மறு வருடம் சவூதிக்குப் போய்விட்டார். ராத்தாவை மருதமுனையில் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வீட்டில் ராத்தா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

நேற்றுப் படத்தின் முடிவில் பெண் சம்மதம் சொன்னாள். மகள் கைதட்டினாள். ராத்தா திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "வாப்பா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பார்."

"இந்தப் படத்துல வாப்பாவே இல்லையே, பெரியும்மா" என்றாள் மகள்.