ஓலை வெடிச் சோதனை

மதுரையில் வைத்தியம் முடிந்து அண்ணன் திரும்பிய வாரம், என் ஒன்பதாம் வகுப்புக் கூட்டாளிகள் அவனுக்குத் தனியாக ஒரு சோதனை வைத்திருந்தார்கள். கிறுக்கனுக்குச் சத்தம் உறைக்காதாம். முதுகுக்குப் பின்னால் ஓலை வெடியைக் கொளுத்திப் போட்டால் திரும்புகிறவன் நல்லவன், திரும்பாதவன் கிறுக்கன். பட்டாசு ஊர் டாக்டர்களுக்கு வேறென்ன தெரியும்?

அந்தக் கோடையில் அண்ணன் பேச்சை விட்டான், சோற்றை விட்டான், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது தேறிவிட்டான். ஆனால் அவன் பார்த்த வேலை நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து செலுத்தும் அறையில். கிறுக்குப் பட்டம் விழுந்தவனைக் கந்தகத்துக்குப் பக்கத்தில் யார் விடுவார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை கம்பெனி போர்மேன் வீட்டுக்கு வந்து அவனைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

எனக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியில் என் கண்ணை நானே ஆராய்ந்தேன். "குடும்பத்துல ஒட்டும்லே" என்று பெஞ்சில் பக்கத்திலிருந்தவன் தள்ளி உட்கார்ந்ததிலிருந்து இது தினசரி வேலை. முழி எப்போதும்போலத் திருட்டு முழியாகவே இருந்ததில் ஒரு நிம்மதி.

மாலையில் அண்ணன் காபிப்பொடி வாங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பியபோது, கூட்டாளிகள் கொளுத்திப் போட்டது முதுகுக்குப் பின்னால் வெடித்தது. அவன் பாட்டுக்கு வீட்டுக்குள் போய்விட்டான்.

"பாத்தியாலே, கிறுக்கேதான்!" என்றான் பெஞ்சுக்காரன்.

"வெடிக்குள்ளயே கெடந்தவம்லே அவன். எனக்கு வச்சுப் பாருங்க!"

வைத்தார்கள். குதித்த குதியில் சாக்கடைக்குள் கிடந்தேன். நான் பரிபூரண சுகம் என்று தீர்ப்பானது.

அந்நேரம் போர்மேன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்தார்.

"அவருக்கும் வைங்கலே!" என்றேன்.

வெடித்தது. அவரும் திரும்பவில்லை. "திரி கட்டையா இருக்குலே, கை போயிரும்" என்றார், நடந்துகொண்டே.

"எங்கப்பாவும் வெடிக் கம்பெனிதான, அவரும் திரும்ப மாட்டாரேலே..." என்றான் பெஞ்சுக்காரன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

கால் கழுவிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தபோது, அண்ணன் எதிரிலேயே இருக்க, போர்மேன் அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். "ராத்திரி தூங்குறானா? கோவம் வருதா?"

"எங்கிட்ட ஏன் கேக்கீக? அங்கனதான இருக்கான், அவங்கிட்டக் கேளுங்க."

போர்மேன் காபி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். "மருந்து ரூம் இப்பம் வேண்டாம் தம்பி. லேபிள் ஒட்டுற எடத்துல இரு. சீசன் முடியட்டும், பாப்போம்."

லேபிள் ஒட்டுவது புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுக்கிற வேலை. எனக்குச் சுர்ரென்றது, வாயைத் திறந்தேன். அண்ணன் என் தோளை அழுத்தினான்.

"எத்தன மணிக்கு வரணும் அண்ணாச்சி?"

அப்போதுதான் அவர் அவன் முகத்தைப் பார்த்தார். "எல்லாரும் வர்ற நேரத்துக்குத்தான்."

அண்ணன் தலையாட்டிவிட்டுக் கிணற்றடிக்குச் சட்டை துவைக்கப் போனான். என்னால்தான் உட்கார முடியவில்லை. சீசன் எப்போது முடியும் என்று கேட்க, கிளம்பிவிட்ட போர்மேனின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினேன்.