ஊசி மேல் போட்ட பழி

கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் எங்கள் அடுத்த வீட்டு அக்காவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அது என் மனைவிக்குக்கூட இன்றுவரை தெரியாது.

கொரோனா முதலில் எனக்குத்தான் வந்தது. சுகாதாரப் பிரிவினர் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். பதினான்கு நாளும் அக்கா சமைத்ததை அவர் கணவர் கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டு, "தம்பி, சூடா இருக்கு, எடுத்துக்குங்க" என்று ரோட்டிலிருந்தே சத்தம் போடுவார். கடுகண்ணாவைப் பக்கம் ஆட்டோ ஓட்டுபவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

நான் சுகமாகிச் சில மாதங்களில் பாடசாலையில் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். ஊசியைக் கண்டால் எனக்குக் கை கால் உதறும். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, "வந்து போனவனுக்கு எதுக்கு ஊசி?" என்று நியாயம் பேசிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன். அக்கா விடியக்காலையிலேயே போய் வரிசையில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்தார். போனுக்கு மேல் போன் எடுத்து என்னை வரவழைத்து ஊசியும் போட வைத்துவிட்டார். அண்ணன்தான் வரவில்லை. ஹயர் இருக்கிறது, ஆள் ஏற்றப் போகணும், அடுத்த தடவை பார்க்கலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு கிழமை கழித்து அண்ணன் கண்டி ஆஸ்பத்திரியில் ஒக்சிஜனோடு கிடந்தார்.

அக்கா போனில் அழுதார். "தம்பி, பிளாஸ்மா கிடைச்சா குடுத்துப் பாக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. கொரோனா வந்து சொகமானவங்ககிட்ட எடுக்கிறதாம். ஒரே ரத்த வகையா இருக்கணுமாம். ஒங்க லைசன்லயும் இவரு லைசன்லயும் ஒரே வகைதானே போட்டிருக்கு?"

ஒரே வகைதான். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க என்னைக் கூட்டிப்போனதே அண்ணன்தான்.

இரத்த வங்கிக்குப் போன் எடுத்தேன். ஊசி போட்டிருக்கிறேன் என்று நானாகவே முந்திக்கொண்டு சொன்னேன், வேண்டாம் என்பார்கள் என்ற நப்பாசையில். போனில் பேசிய நர்ஸ் மிஸ், "பரவாயில்லை, வாங்க, பார்த்துட்டுச் சொல்றோம்" என்றார். எப்படி எடுப்பார்கள் என்று கேட்டேன். ரத்தத்தை மெஷினுக்குள் விட்டு, மஞ்சள் நீரை மட்டும் பிரித்தெடுத்து, மீதியைத் திரும்ப உடம்புக்குள்ளேயே ஏற்றுவார்களாம். கையில் ஊசியோடு அவ்வளவு நேரம் படுத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சாக்குப்போக்கு எதுவும் இல்லை, வெறும் பயம்தான். பதினான்கு நாள் அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றவனுக்கு வந்த பயம்.

அக்காவிடம் சொன்னேன்: "ஊசி போட்டதனால எடுக்க மாட்டாங்களாம்க்கா."

அக்கா, "சரி தம்பி, நீங்க என்ன செய்வீங்க" என்றார்.

வேறு யாரும் கிடைக்கவில்லை. நாலாம் நாள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தப் பிளாஸ்மாவால் பெரிதாகப் பலன் இல்லை என்று பிற்பாடு எங்கோ வாசித்தேன். திரும்பத் திரும்ப வாசித்தேன். நிம்மதி வரவில்லை. கொடுத்திருந்தாலும் அவர் போயிருக்கலாம்தான். ஆனால் நான் கொடுக்கவில்லையே.

இரண்டாவது ஊசிக்கு அறிவித்தபோது அக்கா வீட்டைவிட்டு அசையவில்லை. போகலாம் வாங்க என்று கூப்பிடப் போன என் மனைவியிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் வரல தங்கச்சி. ஊசி ஊசின்னு தம்பியை அன்னைக்கு இழுத்துக்கிட்டுப் போனது நான்தானே? வேணாம்னு இருந்த மனுசன். போடாம இருந்திருந்தா தம்பி ரத்தம் குடுத்திருப்பாரு. என் புருசனை நானே சாகடிச்சிட்டேன்."

நான் மனைவிக்குப் பின்னால் நின்றேன். இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து, நான் அழப்போகிறேன் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். அருகில் வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க மனசுல வச்சுக்காதீங்க தம்பி. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் தப்பு."

நான் சரியென்று தலையை ஆட்டினேன்.