‘வெளியேறு’ பொத்தானுக்கு அண்ணன் வைத்த சொல்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு, மாலையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் ஹாம் ரேடியோ முன் உட்காருவார். உரிமம் வாங்கியவர்கள் லாப நோக்கமில்லாமல் வானலையில் பேசிக்கொள்ளும் உலகம் அது. "இவர் வாயை மூடினா ஆன்டெனா துருப்பிடிச்சிடும்" என்பார் அண்ணி.

அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அண்ணன் அந்த அறையைப் பூட்டிச் சாவியை எங்கோ போட்டார். வீட்டில் சைகைதான். அண்ணியிடம்கூடச் சொல்ல ஒன்றுமில்லாதவர் போல இருந்தார்.

அவருடைய வானலை நண்பர் ஒருவர்தான் எனக்கு ஒரு வழி சொன்னார். தட்டச்சு செய்யும் எழுத்தை ஒலியாக மாற்றி ரேடியோ வழியே அனுப்பும் நிரல் இருக்கிறது. லினக்ஸில் இலவசமாக ஓடும். என் பழைய மடிக்கணினியில் நிறுவிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அண்ணன் அந்த அறையைத் திறந்து விரலால் வாயாட ஆரம்பித்தார்.

அண்ணி பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். திரையில் இருந்ததெல்லாம் ஆங்கிலம், அவருக்குப் புரியாது. அதற்காகவே அண்ணன், திரையில் வரும் சொற்களெல்லாம் இருக்கும் மொழிக்கோப்பைத் திறந்து வரி வரியாகத் தமிழாக்கினார். நிரலை மூடும் கடைசிப் பொத்தானைப் பார்த்ததும் அண்ணி சிரித்தார்.

"வெளியேறுன்னா? யாரைத் துரத்துறீங்க? கிளம்புறவங்க போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டாங்களா? நீங்க என்கிட்ட அதைச் சொல்லியே எத்தனை மாசம் ஆச்சு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாள் பொத்தானில் 'போயிட்டு வரேன்' என்று இருந்தது. அன்றிலிருந்து தினமும் அண்ணியைத் தொட்டுக் கூப்பிட்டு, திரையைக் காட்டிவிட்டுத்தான் அழுத்துவார்.

அண்ணன் தன் தமிழாக்கத்தை அனுப்பியபோது, நிரலின் மொழிபெயர்ப்புக் குழு அந்தச் சொல்லை மட்டும் ஏற்கவில்லை. எல்லா நிரலிலும் 'வெளியேறு' என்றே இருப்பதால் பயனர்கள் குழம்புவார்கள் என்று பணிவாக எழுதினார்கள். அண்ணன் எனக்குத் தட்டச்சு செய்து காட்டினார்: "அவங்க சொல்றது நியாயம். ஆனா இது கட்டற்ற மென்பொருள், யார் வேணும்னாலும் மாத்திக்கலாம். ஊருக்கு அவங்க சொல், என் வீட்டுக்கு என் சொல்."

அண்ணன் போன பிறகு அண்ணி தேர்வெழுதி உரிமம் வாங்கினார். அண்ணனின் நண்பர்களோடு தினமும் பேசுகிறார், அப்போது அந்த நிரலையும் திறந்து வைத்துக்கொள்வார். போன வாரம் கணினியைப் புதுப்பித்தபோது நிரலின் புதிய பதிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அண்ணி போன் செய்தார்.

"தம்பி, பொத்தான்ல அவர் சொன்னதைக் காணோம்."

அண்ணன் செய்த அந்த வேலையை நான் செய்ததே இல்லை. மொழிக்கோப்பைத் தேடி, ஒரே ஒரு வரியை மாற்றி, நிரலைத் திரும்பத் தொகுத்தேன். முதலில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருப் பிரச்சினை. சரிசெய்ய ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. இனி ஒவ்வொரு பதிப்புக்கும் இதைச் செய்ய வேண்டியிருக்கும். செய்வேன்.

பொத்தானில் அந்தச் சொல் தெரிந்ததும் அண்ணி முகத்தை அருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வேலை செய்யுதான்னு ஒருமுறை அழுத்திப் பாருங்க அண்ணி" என்றேன்.

"இருங்க தம்பி" என்றார். "இப்பதானே வந்திருக்காரு."