கட்டாக்காலி மாட்டுச் செய்தி

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்பும் பிரதேச நிருபர் நான். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். வீதி விளக்கு எரியாததும் பாடசாலை விளையாட்டுப் போட்டியும்தான் என் செய்திகள். அவற்றிலும் பாதி குப்பைக்கூடைக்குப் போகும்.

மூதூரில் எனக்கு ஒரு சிநேகிதன். ஒன்றாகப் படித்தவன், மாடு வளர்த்துத் தயிர் விற்கிறவன். நான் தமிழன், அவன் முஸ்லிம் என்பது எங்களுக்குப் பொங்கலுக்கும் பெருநாளுக்கும்தான் ஞாபகம் வரும், அதுவும் சாப்பாட்டை வைத்து. அவனுடைய தயிர்ச்சட்டிகள் அதிகம் விற்றது பக்கத்து ஊரான கட்டைபறிச்சானின் தமிழ் வீடுகளில்.

அங்கே ஒரு வயலில் ஒருநாள் அவன் மாடுகள் இறங்கிவிட்டன. இதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. வயல்காரர் மாட்டைப் பிடித்துக் கட்டி, தண்ணீர் வைத்து, சொந்தக்காரனுக்கு ஆள் அனுப்புவார். அவன் வந்ததும் இருவரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். சட்டையைப் பிடிப்பதும் உண்டு. கத்தி முடிந்தால் தேநீர் வரும், மாடு அவிழும். கத்தாமல் விட்டால் அடுத்த கிழமையும் மாடு வரும் என்பது வயல்காரர்களின் நியாயம். அன்று நானும் கூடப் போயிருந்தேன். ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்த நேரம் சிரித்துக்கொண்டேதான் போனில் படம் எடுத்தேன்.

கட்டாமல் திரியவிட்ட கட்டாக்காலி மாடுகளால் பயிர் அழிகிறது என்று நாலு வரி எழுதிப் படத்தோடு அனுப்பினேன். செய்தி ஆசிரியர் ஒருவர் கொழும்பிலிருந்து அழைத்தார்.

“ரெண்டு பேரும் என்ன ஆக்கள்?”

“மாட்டுக்காரர் முஸ்லிம், வயல்காரர் தமிழ்.”

கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அந்த வாயைத் தைத்து வைத்திருக்கலாம்.

மறுநாள் ‘மூதூரில் இரு இனத்தவரிடையே முறுகல்’ என்று வந்தது. மாடு கடைசி வரியில் இருந்தது. படத்தின் ஓரத்தில் தேநீர்த் தட்டோடு காத்து நின்ற வயல்காரரின் மனைவியை வெட்டி எடுத்துவிட்டார்கள். திருத்தம் போடச் சொல்லி அழைத்தேன். “விடுங்கோ, நல்லாப் போகுது” என்றார் அதே ஆசிரியர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் வேலையை விட்டேனா? இல்லை.

அதற்குள் படம் முகநூலில் இரண்டு விதமாக ஓடிக்கொண்டிருந்தது. தமிழர் பக்கங்களில் வயல்காரர் தாக்கப்பட்டார். முஸ்லிம்களின் பக்கங்களில் என் சிநேகிதன் தாக்கப்பட்டான். ஒரே கை, ஒரே சட்டை. தேர்தல் வந்தபோது இரண்டு தரப்பு மேடைகளிலும் அதையே தூக்கிக் காட்டினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று வயல்காரர் ஊருக்குள் சொல்லிப் பார்த்தார். மனுசன் பயத்தில் சொல்லுது என்றார்கள். சிநேகிதனிடம் தயிர் வாங்குவது நின்றது. மாட்டைக் கட்டி ஆள் அனுப்புவதும் நின்றது.

போன மாதம் ஒரு காலையில் அவன் எனக்குப் போன் எடுத்தான்.

“மச்சான், என்ர பசு ஒண்டின்ர காலை ஆரோ வெட்டிப்போட்டாங்கள். அந்த வயலுக்கைதான் கிடக்கு.”

அழுதான். அவன் அழுது நான் கேட்டதேயில்லை. “இந்தா வாறன்” என்று மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தேன்.

“வராத மச்சான். அதைச் சொல்லத்தான் எடுத்தனான். அவர் வெட்டேல்லை, எனக்குத் தெரியும். ஆனா நீ வந்து நிண்டா விசயம் வெளியில போகும். செய்தி வந்தா அவர் வெட்டினதாத்தான் வரும். பிறகு அந்த மனுசனை இருக்க விடமாட்டாங்கள்.”

“நான் எழுத மாட்டன்ரா. சத்தியமா.”

“அண்டைக்கும் நீ மாட்டைப் பற்றித்தானே எழுதினனீ.”

போனை வைத்துவிட்டான். பசு மத்தியானம் செத்துப்போனதாகப் பிறகு அறிந்தேன். நாற்பது வருடச் சிநேகிதனின் துக்கத்துக்கு நான் போகவில்லை.