மணிக்கு இருபது மதிப்பெண்

அலமாரிக் கதவில் ஒட்டிய கட்டம் போட்ட தாளின் முன், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு நிற்கிறார் தொட்டிக்காரர். படுத்த கோட்டில், மகள் தினமும் படிக்கும் மணி நேரம். நிமிர்ந்த கோட்டில், அவள் வாங்கும் மதிப்பெண். இரண்டு மணி நேரம் படித்தபோது நாற்பது, மூன்று படித்தபோது அறுபது. இது போதாதா? பூஜ்யத்தில் ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. மணிக்கு இருபது. ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் நூற்றுக்கு நூறு வந்தே தீர வேண்டும்.

குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது அவர் உத்தியோகம். இரண்டு மடங்கு நேரம் ஓடினால் இரண்டு மடங்கு தண்ணீர். தொட்டி ஒருநாளும் தலைவலி என்று சொன்னதில்லை. அந்த நேர்விகிதத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ரோஜாச் செடிக்கு இரட்டை உரம் வைத்துக் கருக்கினார். இருமல் மருந்தை இரட்டிப்பாகக் குடித்துவிட்டுப் பகல் முழுக்கக் குறட்டை விட்டார். கோட்டின் மேல் வைத்த நம்பிக்கை மட்டும் தேயவில்லை.

"அப்போ ஆறு மணி நேரம் படிச்சா நூத்தி இருபதா மாமா?" என்று மைத்துனர் சீண்டினார்.

"வரட்டுமே. வேண்டாம்னா சொல்லப்போறோம்?"

மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏங்க, தொட்டி நிரம்பினா மோட்டாரை நிறுத்துறீங்கல்ல? இவ கண்ணைப் பாருங்க, கோவைப்பழமா இருக்கு."

"கணக்குல கண்ணுக்கெல்லாம் எடம் கிடையாது."

ஐந்து மணி நேரத் திட்டம் பரீட்சை வரை நடந்தது. கடிகாரம் மேசைமேல், அப்பா எதிர் நாற்காலியில். பெண் விளையாட்டை விட்டாள், தோழிகளை விட்டாள், பிறகு சிரிப்பையும் விட்டாள். சோற்றில் கை வைத்தபடியே தூங்கினாள். பார்க்கப் பாவமாக இருந்தது; பார்க்க வேண்டியவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடைத்தாள் வந்தது. அறுபது.

"ஹால்ல கண்ணு சொக்கிடுச்சுப்பா. கடைசி ரெண்டு பக்கம் எழுதவே இல்ல."

அவர் திட்டவில்லை. ஐந்துக்கு நேரே, அறுபதில் புள்ளி வைத்தார். அது கோட்டுக்கு வெகு கீழே தனியாக நின்றது. தலையைச் சாய்த்து இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்துப் புள்ளியை அழித்தார். அறுபதின் உயரத்திலேயே ஸ்கேலைப் படுக்க வைத்து, பென்சிலை இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். மூன்றுக்கு நேர் மேலே பழைய கோட்டில் பென்சில் இடித்தது.

"நீ மூணு மணி நேரம்தாம்மா படிச்சிருக்க" என்று சொல்லிக்கொண்டே, அங்கே புதுப் புள்ளியை அழுத்தி வைத்தார்.