டிரில்லர் ஏழுமலை தைத்த ரவிக்கைகள்

ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கறிக்கடை முன்னால் நின்றிருந்தபோது ஏழுமலை அண்ணனின் மகன் குமார் போன் செய்தான். "அக்கா, அப்பா பூட்டாருக்கா" என்றான். கறி வாங்காமலே சாம்பியன் ரீப்ஸில் அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். மதியத்துக்குள் வாசலில் பேனர் கட்டிவிட்டார்கள். அண்ணன் படத்துக்குக் கீழே "விடாமுயற்சியின் சிகரம்" என்று போட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய முயற்சியை நான் குறை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பாறையில் துளை போடும் டிரில்லராக இருந்தவர், சுரங்கம் மூடிய பிறகு, நாற்பது வயதைத் தாண்டி, நான் தினமும் விடியற்காலை ரயிலில் போய்ப் பெங்களூரில் வேலை பார்த்த கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். தையல் லைன் முழுக்கப் பெண்கள். என் பக்கத்து மெஷினில் அவரை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததுமே ஊசி உடைந்தது. மாற்றிக் கொடுத்தேன், அதுவும் உடைந்தது. திரும்பிப் பார்த்தால், மனிதர் தோளைக் கொடுத்து முழு உடம்பாலும் துணியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். "அண்ணா, இன்னா பண்றீங்க? அது பாறை இல்ல, காலரு!" என்றேன். லைனே சிரித்தது. "அங்க தள்ளலைன்னா மெஷின் நம்மளத் தள்ளிடும்மா" என்று அவரும் சிரித்தார்.

சூப்பர்வைசர் அவரை லோடிங்குக்கு மாற்றப் பார்த்தார். அண்ணன் மறுத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் பழைய பேப்பரில் கோடு போட்டு, நூல் கோக்காத ஊசியை அந்தக் கோட்டின்மேல் ஓட்டிப் பழகினார். டிரில் பிடித்துப் பிடித்து அவர் விரல்கள் மரத்துப்போயிருந்தன. துணியின் ஓரம் எங்கே இருக்கிறது என்பதை அவர் கண்ணால்தான் அறிய வேண்டியிருந்தது. பார்க்கவே பாவமாக இருக்கும். "எதுக்குண்ணா இந்த வதை? மூட்டை தூக்கினாலும் அதே சம்பளம்தானே?" என்று கேட்டேன். "தையல் கத்துகினா ஊர்லயே கடை போட்டுடலாம்மா. நான் இந்த ரயில்ல ஏறிட்டேன். எம் பையன் ஏறக் கூடாது" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஒரு மழைநாளில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஓடவில்லை. ஜன்னல் இல்லாத ஹால். எல்லோரும் அலறிக்கொண்டு வாசல் பக்கம் ஓடப் பார்த்தோம். அப்போது அண்ணன் குரல் கேட்டது: "லைட்டு போனா எழுந்திரிக்கக் கூடாது. அப்படியே உக்காருங்க. பேரு சொல்றேன், பதில் குடுங்க." பூமிக்கடியில் அவர்களுடைய பழக்கம் அது. மஞ்சுளா, சாந்தி, நூர்ஜஹான் என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர்கள் கடைசியில் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். தன் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

சொன்னபடியே அவர் கடை போட்டார். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரே ஒரு மெஷின். அளவு எடுப்பது அண்ணி, வெட்டித் தைப்பது அண்ணன். போர்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. ஊருக்கு அது "டிரில்லர் கடை"தான். "பாறை ஒடச்ச கையா இத்தச் செஞ்சுது?" என்று பெண்கள் ரவிக்கைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. எங்கள் ஊரில் பலருடைய கல்யாண ரவிக்கை அவர் தைத்ததுதான்.

அப்புறம் நடந்ததை பேனர்க்காரர்கள் எழுதமாட்டார்கள். கல்யாணமான பெண்கள் பெங்களூரிலும் ஓசூரிலும் குடியேறினார்கள். அங்கேயே தைத்துக்கொண்டார்கள். பாறைத் தூசி அவர் நெஞ்சில் தங்கியிருந்தது. நாலு தையல் போட்டால் நிறுத்தி மூச்சு வாங்குவார். கடை வாடகைக்கே தடுமாறியபோது குமார் பெங்களூரில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் முதல் நாள் போன காலையில் அண்ணன் ஸ்டேஷன்வரை வந்து, பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு போகும் மகனைப் பார்த்தார். உள்ளே நானும் இருந்தேன். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றார்.

போன மாதம் வீட்டுக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எவ்ளோ பெரிய வேலைய அந்த வயசுல கத்துகினீங்கண்ணா" என்றேன். நெடுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "வேல கைக்கு வந்துச்சும்மா. ஊரு திரும்பி வரல" என்றார்.

காரியம் முடிந்த கையோடு குமார் அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப் போகிறான். "ரூம்ல எடமில்லக்கா, மெஷின நீங்களே வெச்சுக்கோங்க" என்று கொண்டுவந்து போட்டுவிட்டான். அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் ஓடுகிறது. "அண்ணன் மாதிரி நீயும் இங்கேயே கடை போடேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எனக்குத் தைக்கத் தெரியும். அவரைவிட நன்றாகவே தெரியும். மெஷினை மூடி வைத்துவிட்டு, எப்போதும்போல் விடிவதற்கு முன் பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பிவிடுகிறேன்.