மருந்தின் அளவு வரும்வரை

காலை எட்டு நாற்பதுக்கு என் மகளின் கையிலிருந்த காபி டம்ளர் ஆடத் தொடங்கியது. மேசையில் வைக்கப் போனவள் வைக்க முடியாமல் என்னைப் பார்த்தாள். "குளிருதும்மா" என்றாள். வெளியே ஐப்பசி மழைதான். ஆனாலும் அது குளிரில் வரும் நடுக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருடம் நடந்தது இது. இப்போது அவள் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறாள். வழக்கமில்லாத நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்கிறேன்.

அவள் உடலில் இருப்பது என் கணவரின் அக்காவுடைய சிறுநீரகம். மகள் அத்தை என்று கூப்பிடுவதால் எனக்கும் அவர் அத்தைதான். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடம்பாக்கத்தில் எங்களோடே வந்து தங்கிவிட்டார். மாத்திரை டப்பா அவர் பொறுப்பு. அந்தச் சிறுநீரகத்தைச் சொல்லி, "வூட்டுக்காரி நான், நீ குடித்தனக்காரி. ஒழுங்கா வெச்சுக்கலைன்னா காலி பண்ண வெச்சிடுவேன்" என்பார். "அட்வான்ஸைக் குடுங்க, போயிடறேன்" என்பாள் மகள். "அதான் சுண்ணாம்பு அடிக்கன்னு பிடிச்சாச்சே" என்பார் அத்தை.

மாற்று உறுப்பை நம் உடல் அந்நியமாகத்தான் பார்க்கிறது. அதைத் தாக்காமல் உடலின் எதிர்ப்பை அடக்கி வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. மருந்து ரத்தத்தில் குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் அவ்வப்போது காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் எடுத்து, அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அன்று காலை மாத்திரையைக் கொடுக்காமலே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியெங்கும் தண்ணீர் தேங்கி, தாம்பரம் வரை ஊர்ந்துதான் போக முடிந்தது.

முதலில் வந்த ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இரண்டு நாளாக அவளுக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னோம். பணியிலிருந்த இளம் பெண் டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். "மாத்திரை உடம்புல தங்கியிருக்காது. நிராகரிப்பா இருக்கலாம். பெரிய டாக்டர்கிட்ட கேட்டுட்டு அதை அடக்கற ஊசியை ஆரம்பிச்சிடலாம், மாத்திரையையும் கூட்டணும்" என்றார். மருந்தின் அளவு தெரிந்தால் உறுதியாகச் சொல்லலாமாம். ஆனால் லேபில் அந்தச் சோதனையை மதியம் ஒரு முறைதான் செய்வார்கள். டாக்டர் போனை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் அத்தை. "மாத்திரை கம்மியா போயிருக்காது. வயித்தால போறப்போ அதுவும் சேர்ந்து போயிடுமேன்னு நான்தான் ஒவ்வொரு வேளையும் ஒண்ணு கூடக் குடுத்தேன்."

என் கணவருக்குக் குரல் எழும்பியது. "டாக்டரைக் கேக்காம உன்னை யாரு குடுக்கச் சொன்னதுக்கா?"

"யாரும் சொல்லலடா. நானாத்தான் குடுத்தேன். என்னை அப்புறம் திட்டு, இப்போ அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்ல விடு."

எந்த வேளை, எத்தனை என்று டாக்டர் கேட்கக் கேட்க அத்தை தடுமாறாமல் சொன்னார். டாக்டர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். "அப்போ இது நேர் எதிராவும் இருக்கலாம். அளவு வரட்டும். அதுவரைக்கும் ஊசியும் வேணாம், மாத்திரையும் வேணாம்."

அந்த மதியம்தான் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. காத்திருப்பதே தவறோ என்று நிமிடத்துக்கு நிமிடம் தோன்றியது. நிராகரிப்பாகவே இருந்துவிட்டால், ஊசி போடாத ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீரகத்துக்குக் கேடு. அத்தை எங்களோடு உட்காரவில்லை. வராந்தாவின் கடைசி நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்மேல் கோபம் வரும் என்று நானும் எதிர்பார்த்தேன், வரவில்லை. தன் உடலிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தவருக்கு, அதை இழந்துவிடுவோமோ என்ற பயம் என்னைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம். டீ வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். "எனக்கு எதுக்கு? அவ ஏதாவது சாப்பிட்டாளா பாரு" என்றார். டீ ஆறி ஆடை படிந்தது.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. பெரிய டாக்டரே வந்தார். மகளின் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அளவு ரொம்ப ஏறியிருக்கு. இந்தக் கை நடுக்கமும் அதனாலதான். நிராகரிப்பு மாதிரி தெரியல. மாத்திரையை நிறுத்தி வெச்சு, தினம் ரத்தம் பார்ப்போம். மருந்து இறங்கினா கிட்னி பழைய நிலைக்கு வந்துடும்."

வாசற்படியிலேயே நின்றிருந்த அத்தை, "வந்துடுமா சார்?" என்றார்.

"வந்துடும்னுதான் நினைக்கறேன்" என்றவர், அத்தையிடம் சொன்னார்: "வயித்தால போனா இந்த மருந்து ரத்தத்துல இன்னும் அதிகமா ஏறும்மா. அடுத்த தடவை கூட்டறதுக்கு முன்னாடி எங்களைக் கூப்பிடுங்க. ஆனா இன்னைக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, காலையிலேயே மாத்திரையை இன்னும் கூட்டியிருப்போம்."